தொண்ணூற்றாறு சதவீதம்

"நான் இல்லாதப்போ யாராவது ப்ளக்கைப் புடுங்க வந்தா என்னடி பண்ணுவே? வாயையாவது திறப்பியா?"

போன மாதம் அண்ணன் சிரித்துக்கொண்டே தங்கையிடம் கேட்டான். அவள் பேசுவது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.

இப்போது அண்ணனை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். அவன் அறை வாசலில் சித்தப்பா டேபிள் ஃபேனோடு நின்றார்.

"அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழட்டிக் குடும்மா. ஹால்ல ஒரு ப்ளக்கும் வேலை செய்யல. புழுங்கித் தொலையுது."

அவள் அதன்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் ஒரு பழைய கேம் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் டிரைவில் போட்டுக் காப்பி எடுக்க ஆரம்பித்தான். அந்த கேமைப் போட்ட கம்பெனி மூடிப் பதினெட்டு வருஷமாகிறது. அவனும் அவனைப் போன்ற பைத்தியங்களும் வருஷக்கணக்கில் தேடியும் இந்த ஒன்றுதான் அகப்பட்டது. இதிலும் ஓரமெல்லாம் பூச்சு உதிர்ந்திருந்தது; துளித்துளியாகப் படித்தெடுக்க நாள்கணக்காகும். நடுவில் நின்றுபோனால் இன்னொரு தடவை தாங்காது என்றான். அன்று மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏறும்போதும், "ஆஃப் பண்ணிடாத" என்றான்.

இன்று வியாழக்கிழமை. அவன் மூச்சு நின்றுவிட்டது. டிஸ்க் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் தொண்ணூற்றாறு.

"காதுல விழலையா?"

"ஓடுது, சித்தப்பா."

"என்ன ஓடுது?"

"காப்பி."

"நல்லாருக்கு போ! திருட்டு சிடிக்காரன்னு பேரெடுத்தது போதாதா? செத்த அன்னிக்கும் கேம் ஓடணுமாக்கும்?" உள்ளே வந்து, குனிந்து வயரைப் பிடித்தார்.

"வேணாம்!"

ஹாலில் அழுகை சட்டென்று நின்றது. தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே தெரியாது.

அண்ணி எழுந்து வந்தாள். "இதுங்களையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று ஒருநாள் அவனிடம் சொல்லிவிட்டு வெளியே போனவள், அதற்கப்புறம் இரண்டு வருஷமாக இந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

"அவர் போட்டதா?"

தங்கை தலையாட்டினாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"சாயந்திரம் ஆயிடும், அண்ணி."

டிரைவ் கரகரவென்று ஒரே இடத்தில் திணறியது. நின்றது. மறுபடி திணறியது. அது தாண்டும்வரை அண்ணி அசையவில்லை. பிறகு சித்தப்பாவின் கையிலிருந்து வயரை வாங்கித் தரையில் வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு கேமின் அட்டைப்பெட்டி மூடியை உருவி, தன் முகத்துக்கு நேரே இரண்டு முறை வீசிப் பார்த்தாள். காற்று வந்தது.

மூடியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய், அவன் தலைமாட்டில் உட்கார்ந்து வீச ஆரம்பித்தாள்.