இடப்பக்கப் பாதை

கணவனின் காற்சட்டையை ஊறப்போடுவதற்கு முன் கமலாசனி அதன் கால்மடிப்பை விரித்து உதறினாள். காய்ந்த பைனஸ் இலைகள் ஊசி ஊசியாக உதிர்ந்தன. மானாப்புல்லின் விதைகள் மட்டும் துணியில் தைத்துக்கொண்டு வர மறுத்தன. ஞாயிறு தோறும் ஹந்தானை மலையில் நடந்துவிட்டு நவரட்ணராஜா வீட்டுக்குக் கொண்டுவருபவை இவைதான், அவளுக்குப் பழகிப்போயிருந்தது. சட்டையைக் கையில் எடுத்தபோதுதான் அப்படியே நின்றாள். சிகரெட் மணத்தது. அவர் சிகரெட் பிடிப்பதில்லை. பஸ்ஸில் யாரோ ஊதிய புகை ஒட்டிக்கொண்ட மணமும் அல்ல அது. தோளுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நெடுநேரம் ஊதினால் மட்டுமே இப்படித் துணிக்குள் இறங்கும். மலையில் தனியாகத்தான் நடக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

ஆரோடு நடந்தனீங்கள் என்று அவள் கேட்கவில்லை. அந்த வருடம் கண்டியில் தமிழர் வீடுகளுக்குள் கேள்விகள் குறைந்துபோயிருந்தன. ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு யாழ்ப்பாணத்துப் பேச்சை வீதியில் பேசுவதையே விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் அருகருகே இருந்தாலும் அவளும் அவரும் இறங்கும்வரை வாய் திறப்பதில்லை. குண்டு வெடித்த அடுத்த வாரம் நவரட்ணராஜாவை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறிக்கொண்டு, யாருடைய சண்டைக்கும் போகாமல் இருந்த மனிதர். இரண்டு நாள் கழித்துத் தானாகவே நடந்து வீட்டுக்கு வந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "ஒண்டும் செய்யேல்லை. தேத்தண்ணி கூடத் தந்தவை" என்றார். மற்றவர்கள் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தபோது இவர் மட்டும் எப்படி வந்தார் என்று அவள் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவளுக்கு உறைத்தது. சந்தைக்குப் போகக்கூட ஓட்டோ பிடிக்கிறவர், அதற்கு அடுத்த ஞாயிறு சீனி வருத்தத்துக்கு நடக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதாகச் சொல்லி மலைக்குக் கிளம்பினார்.

மே மாதம் தேவராசாவைப் பிடித்தார்கள். அவர்களுடைய முன்னறையில் வாடகைக்கு இருந்த பெடியன். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனைப் பார்க்கக் கொழும்புக்குக் கிளம்பியபோது, பஸ் நிலையத்தில், அவன் ஏறி உட்கார்ந்த பஸ்ஸுக்குள்ளேயே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எந்த பஸ்ஸில் போவான் என்பது வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தகவல் இல்லை. அந்த அறையில் இப்போது பாலாம்பிகை இருந்தாள்.

பாலாம்பிகை கமலாசனியோடு படித்த ஒருத்தியின் மகள். வன்னியில் இயக்கத்தின் கையிலிருந்த மல்லாவியிலிருந்து வவுனியா முகாம் தாண்டி வந்தவள். கனடாவில் மாப்பிள்ளை, விசா வரும்வரை காத்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். கதிரையில் உட்காரும்போது முகம் எப்போதும் வாசலைப் பார்த்திருக்கும். ஒருநாள் குழாயடியில் தலை முழுகியபோது இடது தோளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு தழும்பை கமலாசனி கண்டாள். சுருங்கி, பளபளத்து, தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. "ஷெல்" என்றாள் பாலாம்பிகை, அவள் கேட்பதற்கு முன்பே. அவ்வளவு விரைவாக வந்த பதில் கமலாசனிக்குப் பிடிக்கவில்லை. அன்று படுக்கையில் கணவனிடம், பாவம் பிள்ளை, தோளில் பெரிய ஷெல் காயம் என்று சொன்னாள். "எந்தத் தோளில?" என்று அவர் கேட்டார். அதை அவள் அப்போது யோசிக்கவில்லை. பிறகு சாப்பாட்டு மேசையில் அவர் பிள்ளையிடம் எந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டாய், வீட்டில் எத்தனை பேர், அண்ணன்மார் எங்கே என்று சிரித்துச் சிரித்துக் கேட்டபோதுதான் அந்தக் கேள்வி அவளுக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது.

சிகரெட் மணத்த அந்தக் கிழமை, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பால் கொண்டுவரும் இராஜகுமாரி போத்தலை வைத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. அய்யா கூட மலையில ஒரு ஆளு நடக்குறாரே, வெள்ளத் தொப்பி போட்டுக்கிட்டு. அவர உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன்?"

"எங்க லயத்துல அழகமுத்து மகனத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு ஜீப்புல முன்னால ஒக்காந்திருந்தது அந்த ஆளுதாங்க. அவரு வந்தா நாங்க யாரும் வெளிய நிக்கிறதில்ல."

சொல்லிவிட்டு அவள் கமலாசனியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். தெரிந்துகொண்டே நடிக்கிறாளா என்று பார்ப்பதைப் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு காலை, கோயிலுக்குப் போவதாகப் பாலாம்பிகையிடம் சொல்லிவிட்டு கமலாசனி கணவனுக்குப் பின்னால் போனாள். தேயிலைக்கு நடுவே போன வீதி முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கியது. பைனஸ் காட்டுக்குள் நுழைந்ததும் அவளுடைய காலடிச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. தரை முழுக்க உதிர்ந்த இலை மெத்தையாகக் கிடந்தது. வேறு ஒரு செடி முளைக்கவில்லை, ஒரு குருவி கத்தவில்லை. வரிசை வரிசையாக நட்ட மரங்கள் என்பதால் எங்கே நின்றாலும் நீளமாக ஒரு இடைவெளி தெரிந்தது. அதன் முடிவில் யாரோ நிற்பதைப் போலவும் தெரிந்தது. மலை ஏறிவிட்டு வந்த கம்பஸ் மாணவர்கள் சிலர் சிங்களப் பாட்டொன்றைப் பாடியபடி இறங்கினார்கள். அவளைக் கண்டு "குட் மோர்னிங் மிஸ்" என்றார்கள். அவள் சிரிப்பை மட்டும் கொடுத்தாள்.

காடு முடியும் இடத்தில் புல்வெளி தொடங்கியது. ஆடி வெயிலில் மானா காய்ந்து வெளுத்திருந்தது. யாரோ நெருப்பு வைத்த இடங்கள் கறுப்புத் திட்டுகளாகத் தெரிந்தன. கடைசி மரத்தின் பின்னால் அவள் நின்றுகொண்டாள். சற்று மேலே ஒரு பாறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நவரட்ணராஜா தோடம்பழம் ஒன்றை உரித்துச் சரிபாதியாகப் பிரித்து நீட்டினார். வெள்ளைத் தொப்பிக்காரர் சிகரெட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டு அதை வாங்கினார். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சிங்களத்தில் பேசியது காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. அதில் ஒரு சொல்மட்டும் முழுதாக வந்து சேர்ந்தது. பாலாம்பிகை.

தொப்பிக்காரர் மலைக்கு மேலே நடந்து மறைந்தார். நவரட்ணராஜா கீழே இறங்கி மரங்களுக்குள் வந்ததும் மனைவியைக் கண்டு நின்றார்.

"நீர் எப்ப வந்தனீர்?"

"எங்கட வீட்டுப் பிள்ளையின்ர பேர் அவருக்கு என்னத்துக்கு?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு ஒரு மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஞாயிறு ஞாயிறு வந்து ரெண்டு கதை சொன்னால் காணும் எண்டுதான் அண்டைக்கு என்னை விட்டவங்கள், கமலா. இல்லாட்டி நானும் உள்ளுக்குத்தான். நான் சும்மா கதையள்தான் சொல்லுறது. கந்தோரில ஆர் என்ன பேப்பர் வாசிக்கினம், கோயிலுக்கு ஆர் வருகினம்…"

"தேவராசா சும்மா கதையோ?"

"எந்த பஸ் எண்டு கேட்டவர். நான் சொல்லாட்டிலும் அவங்களுக்குத் தெரியும்."

"இவளைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"நல்லதாத்தான் சொன்னன். ஷெல் பட்ட காயம், இயக்கத்துக் காயமில்லை எண்டு."

"காயம் இருக்கெண்டு அவருக்கு முதலே தெரியுமோ?"

நவரட்ணராஜா மரத்திலிருந்து கையை எடுத்துக் குனிந்து, காற்சட்டையில் தைத்த புல்விதையைப் பிடுங்கினார். கேட்டுமுடித்த பிறகுதான் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவளுக்கும் தெரிந்தது. தழும்பைக் கண்டவள் அவள். படுக்கையில், இருட்டில், இரக்கப்பட்டுச் சொன்னவளும் அவள்தான். அங்கிருந்து இந்தப் பாறைவரைக்கும் அது ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு நடந்து வந்திருக்கிறது.

"தலதா மாளிகைப் பெரஹராவுக்கு முன்னம் புதுசா வந்த ஆக்கள் எல்லாரையும் எடுக்கினமாம்" என்றார் அவர். "நாளைக்குக் காலமை எங்கட வீட்டுக்கு வருவினம்."

அவள் அவருக்குக் காத்திராமல் இறங்கினாள்.

பாலாம்பிகை உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கமலாசனி கதவைச் சாத்திவிட்டு, இண்டைக்கே வெளிக்கிட வேணும் பிள்ளை, நாளைக்கு வருவினம் என்றாள். பாலாம்பிகை மடிப்பதை நிறுத்தவில்லை. சட்டையின் கையை உள்ளே திருப்பி, தட்டி, அடுக்கின்மேல் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தேவராசா அண்ணையையும் இப்பிடித்தான் வெளிக்கிடுத்தி அனுப்பினனீங்களோ, அன்ரி?"

கமலாசனி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வந்த கிழமையே கோயில்ல ஒரு ஆள் சொன்னவர், அந்த வீட்டில முதல் இருந்தவனுக்கு என்ன நடந்ததெண்டு. எனக்குப் போக வேற இடமில்லை. அதான் இருந்தனான்."

இத்தனை நாளும் தன் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டபோதெல்லாம் இவள் இதை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறாள். கமலாசனிக்கு முதலில் கோபம்தான் வந்தது. கோபத்தில் கேட்டாள். "உண்மையைச் சொல்லு. அது ஷெல் காயமோ?"

"இல்லையெண்டால் என்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டீங்களோ?"

கமலாசனி எழுந்து அலுமாரிக்கு மேலிருந்த பையை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

நகரத்து வீதியிலும் பஸ் நிலையத்திலும் சோதனைச் சாவடிகள் இருந்தன. பின்னேரம் பால் போத்தல் எடுக்க வந்த இராஜகுமாரிதான் வழி சொன்னாள். மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கலஹா வீதி, பஸ் கிடைக்கும். ஹேவாஹெட்டயில் அவளுடைய அக்கா இருக்கிறாள், லயத்தில் பத்து நாள் இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். "ஆனா அவுங்க வாயத் தொறக்கக் கூடாதுங்க. தொறந்தா யாப்பாணம்னு தெரிஞ்சிரும்." லயத்திலிருந்து தன்னுடைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து பாலாம்பிகைக்குக் கட்டிவிட்டாள். கட்டும்போது பாலாம்பிகை அவளுடைய கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், கமலாசனியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போது நவரட்ணராஜா அறை வாசலில் வந்து நின்றார். அவருக்குச் சொல்லாமல் கிளம்பத்தான் நினைத்திருந்தார்கள்.

"நானும் வாறன். எல்லாருமாச் சேர்ந்து நடக்கப்போற மாதிரி இருந்தால் ஒருத்தரும் கேட்கமாட்டினம். எனக்குப் பாதை தெரியும்."

இராஜகுமாரி சேலைத் தலைப்பை விட்டுவிட்டு ஒதுங்கினாள். கமலாசனி கணவனின் முகத்தைப் பார்த்தாள். அத்தனை வருடம் பார்த்த முகம். அதில் எதையும் வாசிக்க முடியவில்லை. கூட்டிப்போனால் என்ன செய்வாரோ தெரியாது. விட்டுவிட்டுப் போனால் வீட்டில் டெலிபோன் இருக்கிறது. "சரி, வாங்கோ" என்றாள். "நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ."

அப்படித்தான் ஏறினார்கள். முன்னால் அவர், பின்னால் கமலாசனி, அதற்குப் பின்னால் இரண்டு பெண்கள். பைனஸ் காட்டைத் தாண்டும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டபோது கமலாசனி எட்டி நடந்து அருகில் வந்தாள். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் யாரைப் பார்க்கிறார் என்று அவளும் திரும்பிப் பார்த்தாள்.

புல்வெளியில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"இடப்பக்கம்" என்றார் நவரட்ணராஜா. "அதுதான் கிட்ட. ரெண்டும் அங்கால றோட்டிலதான் போய் முட்டும்."

"அந்தப் பக்கம் வெட்டவெளிங்க" என்றாள் இராஜகுமாரி. "ஆளு நடந்தா கீழ இருந்து தெரியும். சோத்துக்கைப் பக்கம் சுத்துத்தான், ஆனா கல்லு மறைப்பு இருக்கு."

"இருட்ட முதல் பஸ்ஸைப் பிடிக்க வேணுமெண்டால் இடப்பக்கம்தான் போகவேணும், கமலா."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் கமலாசனியைத் தடுமாறச் செய்தது. பாலாம்பிகை யாருடைய முடிவுக்கும் காத்திருக்கவில்லை. சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலப்பக்கப் பாதையில் ஏறத் தொடங்கினாள். இராஜகுமாரி அவளுக்குப் பின்னால் ஓடினாள்.

கணவனும் மனைவியும் மட்டும் பிரிவில் நின்றபோது கீழே பைனஸ் மரங்களுக்கு இடையில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. அவர்தான் முதலில் கண்டார். அது ஒரு தொப்பி. அவசரமில்லாமல், பின்னேர நடைக்கு வந்தவனைப் போல, மரத்துக்கு மரம் மறைந்து மறைந்து மேலே வந்தது.

"நீங்கள் வரச்சொன்னனீங்களோ?" என்றாள் கமலாசனி.

"இல்லை." அவருடைய உதடுகள் காய்ந்திருந்தன. "நான் சொன்னால் நீர் இப்ப நம்பவோ போறீர். ஏறும். கெதியாப் போம்."

அவர் தொப்பி வந்த திசையில் இறங்கினார். அவள் வலப்பக்கம் ஓடினாள். காய்ந்த புல் வழுக்கியது. கையை ஊன்றி ஊன்றி ஏறினாள். முதல் பெரிய பாறையின் மறைவில் இரண்டு பெண்களும் குந்தியிருந்தார்கள். மூச்சு வாங்கியபடி அவளும் பக்கத்தில் குந்தி, கல்லின் ஓரத்தால் எட்டிப் பார்த்தாள்.

பாதை பிரியும் இடத்தில் இரண்டு மனிதர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தொப்பிக்காரர் மலையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். நவரட்ணராஜா கையை நீட்டி எதையோ காட்டினார். பிறகு இருவருமாக இடப்பக்கப் பாதையில் நடந்தார்கள். அவர் முன்னால், மற்றவர் பின்னால்.

"அங்கிள் அவரைக் கூட்டிக்கொண்டு எங்க போறார்?" என்று பாலாம்பிகை கேட்டாள். மலைக்கு வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. "எங்களுக்கு முன்னம் றோட்டுக்குப் போய் நிக்கவோ?"

"தெரியேல்லை, பிள்ளை."

"வாங்க, நிக்காதீங்க" என்று இராஜகுமாரி கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பாறைகளுக்கு இடையால் ஏறினார்கள். கமலாசனியும் எழுந்தாள். ஆனால் இன்னொரு தடவை திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கீழே, வெளுத்த புல்லுக்கு நடுவில், நவரட்ணராஜா நின்றிருந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு காலை மடித்து நிலத்தில் குந்தினார். காலில் ஏதோ பட்டதைப் போல, குனிந்து பாதத்தைத் தடவினார். தொப்பிக்காரர் காத்திருந்தார். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். புகை எழுந்து காற்றில் மலைப்பக்கமாகச் சாய்ந்தது. நவரட்ணராஜா இரண்டு காலையும் நீட்டி, வீதிக்குப் போக அவசரமே இல்லாதவரைப் போலப் புல்லிலேயே உட்கார்ந்துகொண்டார்.