விளிம்புக்கு வராத பச்சை

ஆய்வகத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப்பிறந்த தம்பி என்று ஒருவனும் இருந்தான்; அவனுடைய சிறுநீரக நோய்தான் அவளுடைய ஆராய்ச்சி. அப்பாவைக் கொண்டுபோன அதே நோய். தன் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குத் தருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஸ்கேனில் குறையில்லை, மரபணுச் சோதனை மட்டும் பாக்கி.

நோய் செய்யும் அக்கிரமம் இதுதான். செல்லுக்குள் உருவாகும் ஒரு புரதம் விளிம்புக்குப் போய்ச் சேர வேண்டும். தானாகப் போகாது, துணைப் புரதம் ஒன்று பாதி வழி கூட்டிப்போய்க் கைமாற்றிவிட வேண்டும். இந்தக் குடும்பத்தில் அந்த முதல் புரதம் கொஞ்சம் கோணலாகப் பிறக்கிறது. துணை பிடித்த பிடியை விடுவதில்லை, இரண்டும் உள்ளேயே முடங்கிவிடுகின்றன. அந்தப் புரதத்துக்குச் சாயம் ஏற்றினால் நல்ல செல்லில் விளிம்பு பச்சையாகத் தெரியும். தம்பியின் செல்லில் நடுவில் பச்சைக் குவியல்.

அந்தப் பிடியைத் தளர்த்தத்தான் அவள் மருந்து தேடினாள். ஒப்பிட வைத்திருந்த நல்ல செல்கள் பூஞ்சை பிடித்துப் பாழாயின. சொந்தச் செல்லை வைத்துச் சோதிக்கக் கூடாது என்பது அங்கே விதி. விதி போட்டவருக்குத் தம்பி இல்லை போலிருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு, தன் சிறுநீரிலிருந்தே செல் எடுத்து வளர்த்தாள்.

நுண்ணோக்கியில் தம்பியின் தட்டு, அவளுடைய தட்டு இரண்டிலும் பச்சை நடுவிலேயே கிடந்தது. தட்டை மாற்றி வைத்துவிட்டாயா என்று உதவியாளரைக் காய்ச்சி எடுத்தாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. மறுபடி தானே செல் வளர்த்து, தானே சாயம் ஏற்றிப் பார்த்தாள். அதே குவியல். இந்த நோய் சிலருக்குத் தாமதமாகத்தான் தலைகாட்டும் என்று ஊருக்கெல்லாம் விளக்கியவள் அவள்தான். உதவியாளரிடம் மன்னிப்புக்கூடக் கேட்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

தம்பி டயாலிசிஸ் படுக்கையில் இருந்தான். அவளுடைய சிறுநீரகத்தோடு அவளுடைய முன்கோபமும் தனக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று கிண்டலை ஆரம்பித்தான். அவள் சிரிக்கவில்லை.

"உனக்குத் தர என்கிட்ட எதுவும் இல்லடா. எனக்கும் அதேதான்."

அவன் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய ஒரே நம்பிக்கையை அவள் பிடுங்கியிருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"ஊசி ஏத்தும்போதுதான் வலிக்கும்க்கா," என்றான். "அப்புறம் பழகிடும்."

அவளுடைய கையை இழுத்து, ஊசி எந்த இடத்தில் ஏறும் என்று தொட்டுக் காட்டினான்.