சூரியனுக்கு நன்றி சொன்ன பேனர்

எங்கள் ஊரில் வருஷத்துக்கு முந்நூறு நாள் வெயில் அடிக்கிறது. அதற்கு ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது, வளர்ச்சிக் குழுத் தலைவர் ரப்கியாஸ் பேனர் அச்சடிக்கும்வரை எங்களுக்குத் தோன்றியதில்லை.

இருபதடி பேனர். 'சூரியனைச் சிறைப்பிடித்த கிராமம்' என்று எழுத்து. இடப்பக்கம் லே நகரத்திலிருந்து வரப்போகும் பெரிய அதிகாரி, வலப்பக்கம் ரப்கியாஸ், நடுவே பொட்டளவு சூரியன். சாலையிலிருந்து தெரிய வேண்டுமே! சாலை தெற்கே. அதிகாரி பார்க்க வருவது சோரோல் என்ற பெண்ணின் பசுமைக்குடிலை; அதுவும் தெற்குப் பார்த்தது. ஆகவே அதன் பிளாஸ்டிக் தாளை மறைத்துச் சட்டம் அடித்து மாட்டினோம். ஆணி பிடித்தவன் குழுச் செயலாளனாகிய நான்.

குடிலுக்கு அடுப்பு கிடையாது. பகலில் அந்தத் தாள் வழியே வெயில் புகுந்து, பின்னாலிருக்கும் கறுப்புப் பூசிய மண்சுவரைச் சுடவைக்கும். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் பழைய ராணுவப் பாராசூட்டை இழுத்து மூடிவிட்டால், வெளியே மைனஸ் இருபதிலும் சுவர் கீரையைக் காக்கும். இது எங்கள் ஊர்க் கழுதைகளுக்கும் தெரியும். தலைவருக்குத் தெரியாது. அவர் இதைப் பற்றி உரையாற்றுபவர்.

சோரோலின் மருமகள் திஸ்கித்துக்கு ஏழாம் மாதம். ரத்தம் போதாது, கீரை கொடுங்கள் என்றிருந்தார் டாக்டர். குடிலில் ஐந்து பாத்தி பசலை இருந்தது. அதை விட்டால் அந்த வீட்டில் காய்ந்த டர்னிப்தான்.

அதிகாரி நாளை வருகிறார் என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். மூன்றாம் நாள் இலையோரம் கறுத்தது. நானும் ரப்கியாஸும் போனபோது சோரோல் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை எடு! அது யார் மூஞ்சி தெரியுமா?"

"அந்த மூஞ்சி நிழல்லதான் என் கீரை சாவுது, தலைவரே."

"ரெண்டு நாள்ல என்ன ஆயிடும்? சுவர்லதான் சூடு இருக்கே. நானே மேடையில பேசியிருக்கேன்."

"நீங்க பேசின சூட்டுல என் சுவர் காயல."

"ஊர்க்கட்டுப்பாடு போட்டுடுவேன், சோரோல். வாய்க்கால்ல உனக்குத் தண்ணி முறை கிடையாது. நீ செத்தா தூக்க ஒருத்தன் வரமாட்டான்."

"அப்ப நான் சாகறதா இல்ல. நீங்க முந்துங்க, நான் வந்து தூக்கறேன்." என் பக்கம் திரும்பினாள். "என்ன முரூப், உன் நாக்குலயும் ஆணி அடிச்சுட்டாரா?"

மறுபடியும் ஆணி பிடித்தேன்.

ஐந்தாம் நாள் காலை பசலை விறைத்து நின்றது. தொட்டால் நொறுங்கியது. மதியத்துக்குள் கறுத்துக் கூழாகிவிட்டது. சோரோல் அழவில்லை. பாராசூட்டை மடித்து மூலையில் எறிந்தாள்.

ஆறாம் நாள் அதிகாரி நிஜமாகவே கிளம்பிவிட்டதாகத் தொலைபேசி வந்தது. அந்தக் குளிரிலும் ரப்கியாஸுக்கு வியர்த்தது. ஜீப்பை லே நகரத்துக்கு விரட்டி, விமானத்தில் வந்திறங்கிய பசலையில் அறுபது கட்டு வாங்கிவந்தார். மண் இறுகிக் கிடந்தது. கடப்பாரையால் குழி போட்டு ஒவ்வொன்றாகக் குத்திவைத்தோம்.

குடிலுக்குள் வந்த அதிகாரி குனிந்து ஒன்றைப் பிடுங்கினார். வேர்களைச் சுற்றி ரப்பர் வளையம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடடே, கட்டாவே முளைக்குதே!" என்றார் அதிகாரி.

"எல்லாம் உங்க ஆசி, ஐயா. இந்தம்மா சோரோல் விளைவிச்சது. ஒரு இலைகூட வெளியில வாங்கினதில்ல," என்றார் ரப்கியாஸ். அதிகாரியோடு வந்த பத்திரிகைக்காரர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

கார்கள் போன சற்றைக்கெல்லாம் பேனரைக் காணவில்லை. ரப்கியாஸ் கோணியோடு வந்தார்; மாலை குழு விருந்துக்குக் கீரை வேண்டுமாம். குடில் வாசலில் சோரோல் அரிவாளோடு நின்றாள். உள்ளே திஸ்கித் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வழிவிடு. அது குழு வாங்கின கீரை."

"அப்படியா? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. பத்திரிகைக்காரப் புள்ளைங்க இன்னும் டீக்கடையிலதான் இருக்காங்க."

தலைவர் டீக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கோணியை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சரி, பேனரையாவது குடு."

"பசு அதுமேல படுத்திருக்கு. எழுப்பிக் கேளுங்க."