மூன்றாவது வெளிச்சம்

தாஷ்கண்டின் பழைய சாமான் சந்தையில், குழாய்த் திருகுகளுக்கும் கால் உடைந்த பொம்மைகளுக்கும் நடுவில் கிடந்த பழைய ஃபிலிம் ஜூம் கேமராவை நிகோரா கையில் எடுத்தாள். கடைக்காரர் டீக்கோப்பையைக் கீழே வைக்காமலே பேசினார்.

"பட்டனை அழுத்தினா மூக்கை நீட்டும் தங்கச்சி, முகம் கிட்ட வந்துடும். ரெண்டு தடவை சிமிட்டிட்டு மூணாவது வெளிச்சத்துலதான் படம் விழும். படத்துல கண்ணு சிவக்காது."

அவளுக்கு வேண்டியது முகம்தான். போன வருடம் கைபேசி வாய்க்காலில் விழுந்து, கல்யாணப் படம் உட்பட எல்லாம் தண்ணீரோடு போயின. நாளைக்குப் புருஷன் இல்ஹோம் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் புறப்படுகிறான். மகளுக்கோ அப்பனை மறந்துவிடுகிற வயது. அவன் முகம் காகிதத்தில் வீட்டோடு இருக்க வேண்டும்.

மறுநாள் விடியலில் மாமியார் நீட்டிய ரொட்டியை இல்ஹோம் ஊர் வழக்கப்படி ஒரு வாய் கடித்துக் கொடுத்தான். மீதியை அவன்தான் திரும்பி வந்து தின்ன வேண்டும். அதுவரை அது சுவரில் தொங்கும். நிகோரா கேமராவின் மூக்கை முழுக்க நீட்டி அழுத்தினாள். வெளிச்சம் சிமிட்டியது.

"எடுத்தாச்சுல்ல? வண்டிக்காரன் கத்துறான்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க."

"வந்ததும் நூறு எடுத்துக்கோ. எங்க ஓடிப்போகப் போறேன்?"

மாமியார் எதிரில் புருஷனின் தாடையைப் பிடித்தா நிறுத்த முடியும்? வாசலில் ஒன்று, வண்டியருகே ஒன்று எடுத்தாள். மீதி ஃபிலிம் அவன் வந்த பிறகு என்று உள்ளேயே விட்டுவைத்தாள்.

வசந்தம் வரை பேசினான். பிறகு அவன் எண் அணைந்துபோனது. கூடப் போனவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவளைக் கண்டதும் வீட்டுப் பெரியவர்கள் பேச்சை நிறுத்தத் தொடங்கினார்கள். இனி அவன் வரமாட்டான் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. அன்றுதான் கேமராவோடு கொண்டுபோய் முடியாத ஃபிலிமைக் கழுவக் கொடுத்தாள்.

ஸ்டூடியோப் பெண் படங்களைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். ஒன்றில் காது. ஒன்றில் பிடரி. இன்னொன்றில் வண்டிக் கதவைப் பிடித்த கையும் தோளும்.

"முதல் சிமிட்டல்லயே முடிஞ்சுதுன்னு திரும்பிட்டாரு அக்கா. இந்தக் கேமராவுல முன்னாடியே சொல்லி வெக்கணும்."

கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். அவனிடம் இவள்தான் சொல்லவில்லை.

வீட்டில் ஆணியில் தொங்கிய ரொட்டி கல்லாகியிருந்தது. கடித்த ஓரத்தில் அவனுடைய கோணல் முன்பல்லின் தடம் அப்படியே இருந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிகோரா கேமராவின் மூக்கை அதன் பக்கம் நீட்டி அழுத்தினாள். ஒன்று, இரண்டு. குழந்தை சிரித்தது. மூன்றாவது வெளிச்சம் வரும்வரை ரொட்டி திரும்பவில்லை. கேமராவுக்குள் ஃபிலிம் இல்லை.