ஞாயிற்றுக்கிழமைக் கடிதம்

எங்கள் பள்ளி விடுதியின் ரொட்டியைப் பற்றி நான் ஒருபோதும் கூட்டிச் சொன்னதில்லை. சுவரேறிக் குதித்த திருடன் மேல் ஒன்றை எறிந்தோம். ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான், அவ்வளவுதான். வார்டனுக்குப் பாம்புக் காது. மூன்றாவது மாடியில் ஒரு பையன் மூக்கை உறிஞ்சினால், கீழே இருந்தே, "ஏழாவது கட்டில், சத்தம் வேண்டாம்" என்பார்.

இந்தக் கதைகளைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்து வளர்ந்தவள் என் மகள். இப்போது பல் டாக்டர். மருமகன் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் எட்டு மாதம் கடலில். மகள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வர ஒன்பதாகிவிடும். அதுவரை எட்டு வயதுப் பேத்தி என் பொறுப்பு. அவளை நாங்கள் சுண்டெலி என்போம். வீட்டுப்பாடம் நான் சொல்லிக்கொடுத்தால் எப்படியிருக்கும் என்பதை அவளுடைய மார்க் ஷீட்டே சொல்லும்.

ஒரு நாள் காலை சாப்பாட்டு மேசையில் அச்சடித்த படிவம் ஒன்று கிடந்தது.

"விடுதிப் பள்ளிதான் சரிப்பா. உங்களுக்கு எவ்வளவு ஜாலியா இருந்துச்சு! அவளுக்கும் அது கிடைக்கட்டுமே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, அங்க நான் சந்தோஷமா இல்ல. முதல் வருஷம் பூரா சாயங்காலமானா கேட் பக்கத்துலயே நிப்பேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தப்போ, தண்ணி குடிக்க எங்கம்மாகிட்ட கையத் தூக்கி அனுமதி கேட்டேன். அவங்க அழுதாங்க. ஏன்னு எனக்குப் புரியல."

மகளுக்குக் காப்பி புரையேறியது.

"கையத் தூக்கியா! இத இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"நெசம்மா."

"மூஞ்சியப் பாரு! திருடன் கதைக்கும் இதே மூஞ்சிதானேப்பா."

அவள் சொன்னது சரிதான். அந்த முகம் விடுதியில் செய்தது. ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். வார்டன் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். சோகம் எட்டிப்பார்த்தால், "பெத்தவங்கள வருத்தப்படுத்தலாமா?" என்று திருப்பித் தருவார். அழித்து எழுத வேண்டும். சிரிப்புக் கடிதம் மட்டும் முதல் தடவையே தேறிவிடும். பத்து வயதுக்குப் பிறகு என் கடிதம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. என் மனைவி இறந்த அன்று, மாலையோடு வந்தவர்களிடம் நான் ஒரு ஜோக் சொன்னேன். மகள் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

படிவம் போய்ச் சேர்ந்தது. சுண்டெலியும் போனாள். மூன்றாவது வாரம் முதல் கடிதம் வந்தது. மகள் நின்றபடியே உரக்கப் படித்தாள்.

"'இங்க கொசு ரொம்பப் பெரிசு. நேத்து ஒண்ணு என் தலையணையத் தூக்கிட்டுப் பறந்துச்சு. ஈரமா கனமா இருந்ததால பாதி வழியில போட்டுடுச்சு.' அப்பா, அப்படியே உங்க வாய்!"

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"தலையணை ஏம்மா ஈரமாச்சு?"

"கொசு பறக்குது, அத விட்டுட்டு..."

கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தேன். கொசு பறந்த வரியில் தாள் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்திருந்தது.

"ஜன்னல்ல வெச்சுப் பாரு."

எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கொசுவுக்கு அடியில் பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது. *அம்மா வந்து கூட்டிட்டுப் போ.* அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது, படிக்க முடியவில்லை.

வெகுநேரம் கையை இறக்கவில்லை. பிறகு கிளினிக்குக்கு போன் போட்டு, அன்று யாருக்கும் பல் பார்ப்பதில்லை என்றாள். கார் சாவியை எடுத்தாள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கார் ஊரைத் தாண்டியது. அப்புறம், சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்கள கூட்டிட்டுப் போக யாராவது வந்தாங்களாப்பா?"

ஒன்பது வருஷம். யாரும் வரவில்லை. இரண்டு வார்த்தை, சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாயைத் திறந்தேன்.

"வராம? எங்கப்பா ரயிலையே ஸ்கூல் வாசலுக்கு ஓட்டிட்டு வந்தாரு. தண்டவாளம் பத்தல. பின்னாடி இருக்கறதப் பிடுங்கி முன்னாடி போட்டுப் போட்டு..."

மகள் சிரிக்கவில்லை. கியரிலிருந்து கையை எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தத் தெரியாமல், நான் தண்டவாளம் போட்டுக்கொண்டே போனேன்.