தோழிக்குக் கேட்கும்

தோழி எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மனுஷி அல்ல. கம்பெனி கொடுத்த லேப்டாப்பின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளியாக உட்கார்ந்திருக்கும் மென்பொருள். வீட்டிலிருந்தே வேலை, ஆலங்குடியில் இருந்துகொண்டே சம்பளம் என்றதும் நானும் தலையை ஆட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் வசந்தகுமார் கத்தாரில் இருக்கிறார். வீட்டில் நான் ஒருத்திதான். ஆன்லைனில் துணி வாங்கியவர்கள் 'சைஸ் சரியில்லை, சாயம் போகிறது' என்று எழுதும் புகார்களுக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதுவது என் பிழைப்பு. நான் ஒழுங்காக மன்னிப்புக் கேட்கிறேனா என்று பார்ப்பது தோழியின் பிழைப்பு.

கை கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும். "பிரகதீஸ்வரி, நீங்கள் அங்கே இருக்கிறீர்களா?" என்று தேனொழுகக் கேட்பாள். கண் வேறு பக்கம் போனால், "உங்கள் கவனம் சிதறுகிறது. கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாமே?" தண்ணீர் குடிக்க எழுந்தால், "இருக்கையில் யாரும் இல்லை." என் மாமியார்கூட இப்படி இனிக்க இனிக்கக் குத்தியதில்லை. அவர் குத்தினால் நேராகக் குத்துவார். முதல் வாரம் எரிச்சலில் கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். உடனே புதுக்கோட்டை ஆபீஸிலிருந்து டீம் லீடர் அரவிந்த்குமார் போனில் வந்துவிட்டார். பொட்டை எடுத்தேன். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், ஒளித்துவைக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒளித்துவைக்க வேண்டியவள் ஒரு திங்கட்கிழமை காலையில் ஒற்றைப் பையோடு வந்து நின்றாள்.

காவ்யா காலேஜ் ஹாஸ்டலில் எனக்கு ஜூனியர். கட்டுமாவடிப் பெண். ஆவுடையார்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் நிலவழகன் அதிர்ந்து பேசாத ஆள் என்று ஊரே சொல்லும். காவ்யாவின் இடது மணிக்கட்டு ஒருமுறை உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. முன்பு ஒரு தடவை ஆத்தா வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். பெரியவர்கள் கூடி நாலு நல்ல வார்த்தை சொல்லித் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். மணிக்கட்டு உடைந்தது அதற்குப் பிறகுதான்.

"இந்தத் தடவ கொன்னுடுவாருக்கா," என்றாள். "கோவத்துல சொல்லல. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

அவனுக்கு என்னைத் தெரியாது. என் பெயரையே அவள் அவனிடம் சொன்னதில்லை. அது ஒன்றுதான் அவளுக்கிருந்த காப்பு. திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை என் வீட்டில் இருப்பது என்று முடிவு. நான் மேசையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் கேமராவில் விழாமல் சுவரோரமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். குரலைத் தணித்து எல்லாவற்றையும் பேசினோம். தோழியின் கண்ணுக்குப் பயந்தோமே தவிர, அவளுக்குக் காதும் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை மதியம் காவ்யா துவைத்த துணியை எடுத்துக்கொண்டு மறதியாக என் நாற்காலிக்குப் பின்னால் நடந்து போனாள். திரையில் அவள் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் விழுந்தது. 'இரண்டாவது நபர்' என்று எழுதிக் காட்டியது. நான் மூச்சு விடுவதற்குள் அரவிந்த்குமாரின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் குரல் வீடெல்லாம் கேட்டது.

"மேடம், பின்னாடி யாரோ போறாங்களே?"

"பக்கத்து வீட்டுக்காரங்க சார். துணி காயப்போட வந்தாங்க."

"பேரு?"

"பேரு எதுக்கு சார்?"

"கஸ்டமர் டேட்டா இருக்குல்ல மேடம். ரூல்ஸு. பேரு போடணும்."

"முத்துமாரியம்மாள்."

"சரிங்க மேடம்." லேசாகச் சிரித்தார். "நல்ல உயரமா இருக்காங்க."

அழைப்பு முடிந்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். காவ்யா கதவுக்குப் பின்னால் ஈரத்துணியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். என் காதருகே வந்து, "அது யாருக்கா, அரவிந்தா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் உதடு வெளுத்துவிட்டது.

"அவரோட சித்தப்பா மகன்க்கா. எங்க கல்யாணத்துல மாப்பிள்ளத் தோழனே அவருதான்."

நாற்காலிக்கு ஓடினேன். திரையில் 'இதுவரை உங்கள் வாரம்' என்று ஒன்று இருக்கும். எட்டு மாதமாக அதைத் திறந்ததில்லை. திறந்தேன். 'பணி சாராத உரையாடல்: மிக அதிகம். அடிக்கடி வந்த சொற்கள்: மணிக்கட்டு, ஆத்தா, திருப்பூர், ஹாஸ்டல், வெள்ளிக்கிழமை.' அதற்குக் கீழே, 'நகல்: டீம் லீடர்.'

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பார்கள். நானும் பக்கம் பார்த்துத்தான் பேசினேன். எதிரில் இருந்ததைப் பார்க்கவில்லை. மைக்கை அணைக்கப் போனால் அந்தப் பொத்தான் அசையவே மறுத்தது. லேப்டாப்பை மூடினால் நாங்கள் விழித்துக்கொண்டோம் என்று அரவிந்த்குமாருக்குத் தெரிந்துவிடும். திறந்தே கிடந்தால் எங்கள் மூச்சுவரைக்கும் அவருக்குப் போகும். என் வீட்டுக்குள் நின்றுகொண்டு எனக்கு வாய் திறக்கப் பயமாக இருந்தது.

இட்லிக்கு ஊறப்போட்டிருந்த அரிசி நினைவுக்கு வந்தது. ஊறியும் ஊறாமலும் இருந்ததை அள்ளி கிரைண்டரில் கொட்டிப் போட்டுவிட்டேன். அது கடகடவென்று சுற்ற ஆரம்பித்ததும் காவ்யாவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"திருப்பூருக்குப் போகாத. அது போச்சு. வேற எங்கிட்டாவது போ."

"எங்கிட்டுக்கா போவேன்? எனக்கு யாரு இருக்கா?"

"எங்கிட்டயே கேட்டா? பஸ் ஸ்டாண்டுல போயி நின்னு முடிவு பண்ணு. புதுக்கோட்டைல பஸ் மாறு, திருச்சில மாறு, மாறிக்கிட்டே போ. ஒன் போன இங்கயே போட்டுட்டுப் போ."

அவள் அழுதாள். எனக்கு அழக்கூட நேரமில்லை. "பிரகதீஸ்வரி, இருக்கையில் யாரும் இல்லை" என்று அங்கே தோழி கூவிக்கொண்டிருந்தாள். அரிசி தீர்ந்ததும் உளுந்தைப் போட்டேன். அது அரைபடுவதற்குள் அவள் பையைக் கட்டிவிட்டாள். மாவு வழியப் போகிறதே என்று கிரைண்டரை நிறுத்தினேன். வீடு சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில், வாசல்படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்து, வாய்ப்பழக்கத்தில் தெளிவாகச் சொன்னாள்:

"வாரேன்க்கா."

எனக்கு உயிர் போய்விட்டது. போதும், இந்த ஒரு வார்த்தை போதும், அவள் கிளம்பிவிட்டாள் என்று தோழி எழுதிவிடுவாள். பஸ் ஸ்டாண்டில் அவளை மறித்துவிடுவார்கள். கையைக் காட்டி ஓடு ஓடு என்றேன். அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலையைக் கேட்காதீர்கள். சட்டை சுருங்கிவிட்டது என்று எழுதியவரிடம், உங்கள் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் அடித்துவிட்டு, அனுப்பும் முன் அழித்தேன். தெருவில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

வெயில் தாழும் நேரத்தில் ஒரு பைக் என் வாசலிலேயே வந்து நின்றது.

"அக்கா, வணக்கம். நான் காவ்யா வீட்டுக்காரரு." நிலவழகன் சிரித்தபடி நின்றான். கையில் ஆப்பிளும் வாழைப்பழமும் வைத்த பை. விருந்தாளி வருவதுபோல வந்திருந்தான். முகவரியை யார் கொடுத்திருப்பார் என்று நான் கேட்கத் தேவையில்லை. "அவ இன்னும் வரலையாக்கா?"

எனக்கு விளங்கவில்லை. "என்னங்க?"

அவன் செல்போனை நீட்டினான். அரவிந்த்குமார் அனுப்பியிருந்த படம். தோழியின் குறிப்பு அப்படியே இருந்தது. 'பிற்பகல்: ஒரு பெண், தான் வருவதாகத் தகவல் தெரிவித்தார்.'

"வெளிய போனவ, வாரேன்னு ஒங்களுக்குப் போன்ல சொல்லியிருக்கா போல," என்றான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் யாரும் கிளம்பும்போது போறேன் என்று சொல்வதில்லை. அது அபசகுனம். கிளம்புகிறவரும் வாரேன் என்றுதான் சொல்வார். அவளுடைய குரலைக் கேட்டிருந்தால் நிலவழகனுக்கும் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அவனிடம் இருந்தது அவள் குரல் அல்ல. எந்த ஊரிலோ தமிழ் படித்த தோழி, புரிந்துகொண்ட மட்டில் எழுதிவைத்த எழுத்து.

"ஆமாங்க," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "கடைத்தெருவுக்குப் போயிருக்கா. வந்துருவா. ஒக்காருங்க."

உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் காவ்யாவின் பஸ் இன்னும் கொஞ்ச தூரம் போகும். அதை மட்டும் மனசுக்குள் பிடித்துக்கொண்டு டீ போட்டேன். பாத்ரூம் எங்கிட்டு இருக்கு என்று கேட்டுக்கொண்டு எழுந்தவன் ஒவ்வொரு அறையையும் எட்டிப் பார்த்தான். அடுப்படியில் வந்து நின்றான்.

"இம்புட்டு மாவா? ஒரு ஆளுக்கா?"

"காவ்யாவுக்கு இட்லின்னா உசுருல்ல," என்றேன்.

"எனக்குத் தெரியாதா," என்று சிரித்தான். டீ டம்ளரை அவனிடம் கொடுத்தேன்.

"பிரகதீஸ்வரி, நீங்கள் அங்கே இருக்கிறீர்களா?" என்றாள் தோழி. நிலவழகன் திடுக்கிட்டுத் திரும்பினான். திரையில் அவன் முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்திருந்தது. தன் முகத்தையே ஒரு கணம் பார்த்தான். தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, நாற்காலியைக் கேமராவில் விழாத பக்கமாக நகர்த்திப் போட்டான். மற்றவர் வீட்டுப் பேச்சையெல்லாம் போனில் வாங்கிப் படித்தவனுக்குத் தன் முகம் தெரிந்ததும் கூசியது.

"இது நாம பேசுறதையும் கேக்குமாக்கா?"

"எல்லாம் கேக்கும். எழுதியும் வச்சுக்கும்."

அதன் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். பின்னால் அவன் மூச்சு விடுவது கேட்டது. கத்திப் பேசியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்காவிட்டால் சந்தேகப்படுவான். எடுத்தேன்.

"அக்கா, நான்தான். பக்கத்து சீட்டுக்காரங்க போன்லருந்து…"

"வேணாங்க. எனக்கு லோன் எதுவும் வேணாம்," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவிளக்கு எரிய ஆரம்பித்த பிறகு எழுந்தான். பழப்பையை மேசையில் வைத்தான். நான் வழியனுப்புவதுபோல வாசல்வரை போனேன். லேப்டாப்புக்குக் கேட்காத அளவுக்குக் குரலை இறக்கி, என் காதுப் பக்கம் குனிந்து சொன்னான்:

"அவ வர மாட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. பரவால்ல. எந்த ஊருக்குப் போனாலும் ஒங்களுக்குப் போன் பண்ணாம இருக்க மாட்டா. ஊர் பேர ஒரு தடவையாச்சும் சொல்லுவா. நான் பொறுமையான ஆளு."

பிறகு நிமிர்ந்து, தோழிக்கும் கேட்கும்படி மரியாதையாக, "நான் வாரேங்கக்கா," என்றான்.

அரவிந்த்குமாரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினேன். விசாரிக்கச் சொல்லி என் கடிதத்தை அவருக்கே அனுப்பிவைத்தார்கள். வேலையை விடுவதாகவும் எழுதிக்கொடுத்துவிட்டேன். நோட்டீஸ் காலம் முடியும்வரை லேப்டாப் திறந்துதான் இருக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடையில் நிற்கும்போது மறுபடி தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அங்கே தோழி இல்லை. ஆனாலும் சுற்றுமுற்றும் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்துப் பயந்தேன்.

"அக்கா, வேலை கெடச்சிருச்சு. நல்ல எடம். இங்க…"

"சொல்லாத! ஊர் பேரச் சொல்லாத. எங்கிட்ட சொல்லாத."

"ஒங்ககிட்டயுமாக்கா?"

"எங்கிட்டத்தான்டி சொல்லக் கூடாது. இனிமே போனும் பண்ணாத. நல்லா இருக்கியா? அத மட்டும் சொல்லு."

"இருக்கேன்க்கா," என்றாள். அவள் இன்னொரு வார்த்தை பேசுவதற்குள் நான் போனை வைத்து, அந்த நம்பரை அழித்தேன்.

எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி எங்கோ உயிரோடு இருக்கிறாள். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எப்படியாவது எனக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் தினமும் பயமாக இருக்கிறது.