வலது கையுறை

குண்டுவீச்சு விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள், உறையவைக்கும் குளிரில், நாலு துப்பாக்கிகளோடு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருப்பவனுக்கு மின்கம்பி ஓடும் சூட்டு உடைதான் உயிர். அதில் வலது கையுறை சூடேறவில்லை என்று சார்ஜன்ட் நார்மன் டைசன் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் உடைக் கிடங்கின் பொறுப்பாளர் கிரிம்ஷா, "சோதிச்சாச்சு, சரியா இருக்கு" என்று சீட்டு எழுதி, அதே கையுறையையே திருப்பித் தந்தான்.

நான்காவது தடவை அதையே போட்டுக்கொண்டு பறந்தபோது, பால்டிக் கடலுக்கு மேலே நார்மனின் விரல்கள் விறைத்துப்போயின. இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் தளத்துக்குத் திரும்பியதும் மருத்துவர்கள் மூன்றை எடுத்துவிட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்த காகிதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. 'காரணம்: உத்தரவை மீறிக் கையுறையைக் கழற்றியது.'

"யாருடா எழுதுனது?"

"கிரிம்ஷா சொன்னதை வச்சு ஆபீஸ்ல எழுதியிருக்கானுங்க" என்றான் அவனுடைய விமானி ஹேய்.

"கழட்டினேனாமா? கழட்டியிருந்தா துப்பாக்கி இரும்புல தோலு பிஞ்சு ஒட்டியிருக்குமே! அது எங்கன்னு கேக்க ஒருத்தனுக்கும் வாய் இல்லையா?"

"மெதுவாடா. பறக்கப் பயந்து நீயே விரலைக் கெடுத்துக்கிட்டேன்னு சிலபேரு பேசுறானுங்க. கெளறினா கோழைன்னு முத்திரை குத்திடுவாங்க."

"இருபத்தோரு தடவை போயிட்டு வந்தவன் கோழை! கிடங்கைவிட்டு நகராதவன் வீரனா?"

பத்து நாள் கழித்து, தன்னிடம் மிச்சமிருந்த அரசாங்கச் சாமான்களை ஒப்படைக்க, கைக்கட்டோடு கிடங்குக்குப் போனான். ஓவன் பிரைஸ் என்ற புதிய துப்பாக்கிக்காரன் உடை வாங்க நின்றிருந்தான். மேசை மேல் கிடந்த உடையின் கழுத்துப் பட்டையில் நார்மன் தன் கையால் எழுதிய பெயரெழுத்துகள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன.

"இது என்னோடது."

"அரசாங்கத்தோடது. சோதிச்சாச்சு" என்றான் கிரிம்ஷா.

நார்மன் ஒற்றைக் கையால் உடையின் மின்கம்பியைச் சுவரிலிருந்த மின்துளையில் செருகினான். "பிரைஸ், ரெண்டையும் தொட்டுப் பாரு."

பிரைஸ் தொட்டுப் பார்த்தான். "இடது சுடுது. வலது பச்சத்தண்ணி மாதிரி இருக்கு."

கிரிம்ஷாவின் முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "கம்பி தளர்ந்திருக்கும். இன்னிக்குப் போட்டுட்டுப் போகட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாளைக்கு! நார்மனின் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மேசைக் கத்தரியை இடது கையில் எடுத்தவன், கையுறையை நார் நாராகக் கிழித்துப் போட்ட பிறகுதான் நிறுத்தினான்.

அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாகத் தளபதியின் முன் நிறுத்தினார்கள். கூப்பிடாமலே பிரைஸ் வந்து சாட்சி சொன்னான். கிழிந்த துண்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்தபோது, பெருவிரல் அடியில் கம்பி எப்போதோ முறிந்து கறுத்திருந்தது; கத்தரி வெட்டியதல்ல. தளபதி பழைய காகிதத்தில் 'கையுறையைக் கழற்றியது' என்ற வரியை அடித்து, 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினார்.

"தெரியலையா? உங்க மேசை மேலதான் கெடக்கு சார்."

"வாயை மூடு, சார்ஜன்ட்."

அந்தப் பேச்சுக்காக அவன் சட்டைக் கையிலிருந்த சார்ஜன்ட் கோடுகளைப் பிடுங்கிப் பதவியைக் குறைத்தார்கள். கிரிம்ஷாவை வேறொரு தளத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் உடைக் கிடங்குக்குத்தான். பிரைஸுக்குப் புது உடை கிடைத்தது.

திருத்திய காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். நார்மன் போடவே இல்லை.